பிள்ளைகளோடு படிகம் தோண்டப் போவது எப்படி: வாஷிட்டா மலைகளுக்கு ஒரு வழிகாட்டி

டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால், பெரும்பாலும் கடற்கரைக்கோ கேளிக்கைப் பூங்காவுக்கோ கிளம்பிவிடுகின்றன. அங்கிருந்து வடகிழக்கே காரில் நான்கைந்து மணி நேரத்தில், பிள்ளைகள் தங்கள் கையாலேயே மண்ணைக் கிளறி, ஆறு பட்டையும் கூர்முனையும் கொண்ட படிகங்களை எடுத்துவரக்கூடிய மலைப்பகுதி ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆர்கன்சா மாநிலத்தின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே ஓக்லஹோமா வரை நீளும் வாஷிட்டா மலைத்தொடர்தான் அது. மகளுக்கு ஏழு வயதும் மகனுக்கு நான்கு வயதும் ஆனபோது நாங்கள் அங்கே முதன்முறை போனோம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது போகாமல் இருந்ததில்லை.

இத்தனை பயணங்களில் நான் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம் ஒன்று உண்டு. வாஷிட்டாவில் படிகத்தைக் கண்டெடுப்பது அவ்வளவு கடினமல்ல. கண்டெடுத்ததை முனை உடையாமல், விரிசல் விடாமல், அலுங்காமல் நலுங்காமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதில்தான் திறமை இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் தோண்டுவதற்குக் கொடுத்த இடத்தைப் போலவே தோண்டிய பிறகு செய்ய வேண்டியவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

தேடும் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாஷிட்டாவில் கிடைப்பது குவார்ட்ஸ் படிகம். பாட்டியின் கழுத்தில் கிடக்கும் ஸ்படிக மாலையும், சிதம்பரத்திலும் இராமேசுவரத்திலும் வழிபடப்படும் ஸ்படிக லிங்கமும் இதே பொருள்தான். நம் ஊர்க் காடுமேடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸே. அது இடமின்றி நெருக்கிக்கொண்டு உறைந்ததால் பட்டையும் முனையும் இல்லாமல் கட்டியாக நிற்கிறது. படிகமாக வளர அதற்கு வெற்றிடம் வேண்டும். வாஷிட்டா மலைகள் மடிந்து எழுந்த காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 25 முதல் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்திலிருந்த சூடான நீர், குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்காவை மணற்பாறைகளிலிருந்து கரைத்துக்கொண்டு பாறை விரிசல்களின் வழியே மேலேறியது. விரிசல் குறுகலாக இருந்த இடங்களில் அது வெள்ளைக் கட்டியாக அடைத்துக்கொண்டது. அகன்ற பொந்துகளில் நிதானமாகப் படிகமாக வளர்ந்தது. தோண்டும்போது வெள்ளைக் கட்டியாக ஒரு வரி ஓடக் கண்டால் அதைப் பின்தொடருங்கள் என்று அங்குள்ள பழைய கைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஓர் எளிய பயிற்சி செய்யலாம். தடித்த அட்டையில் 120 பாகைக் கோணம் ஒன்றை வெட்டியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். குவார்ட்ஸ் படிகத்தின் உடற்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள கோணம் எப்போதும் அதுதான். படிகம் ஒரு பக்கம் சப்பையாகவும் மறுபக்கம் பருத்தும் வளர்ந்திருந்தாலும், ஒரு பட்டை அகலமாகவும் அடுத்தது நூல்போல ஒல்லியாகவும் இருந்தாலும், விளிம்பில் அட்டையை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் குவார்ட்ஸை வைத்து இதைக் கவனித்து எழுதினார். படிகவியல் என்ற துறைக்கு அது அடித்தளமாயிற்று. என் மகள் முதன்முதலாகக் கண்டெடுத்த கோணல்மாணலான படிகத்தில் ஆறு விளிம்புகளிலும் அட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, ஏழாவதாக மீண்டும் முதல் விளிம்பிலேயே வைத்துப் பார்த்தாள்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. பட்டைகளின் மேல் குறுக்காக மெல்லிய வரிகள் ஓடும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் எண் 7 என்பதால் சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிடத் தெளிவாகக் குளிரும். வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் வரும் குளிர்ச்சி அது. ஸ்படிக மாலை குளிர்ச்சி என்று பாட்டி சொல்வது வெறும் நம்பிக்கையல்ல என்பதைப் பிள்ளைகள் இங்கே தாங்களே அறிந்துகொள்வார்கள்.

யாருடைய நிலம் என்று முதலில் கேளுங்கள்

கல்தானே என்று கண்ட இடத்தில் எடுத்துவிட முடியாது. ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுப்பது சட்டப்படி குற்றம். நாட்டின் எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான விதி அது. அதையொட்டியே பரந்திருக்கும் வாஷிட்டா தேசிய வனத்தின் நிலை வேறு. சில இடங்களில் மேற்பரப்பில் உதிர்ந்து கிடப்பவற்றைச் சொந்தச் சேகரிப்புக்காகச் சிறிதளவு எடுக்கலாம். விற்பதற்காக எடுக்கக் கூடாது. ஆனால் வனத்துக்குள்ளேயே பிறர் சுரங்க உரிமை பெற்ற நிலங்களும் இருக்கின்றன. எது எங்கே தொடங்குகிறது என்பது மரங்களைப் பார்த்தால் தெரியாது. மவுண்ட் ஐடா என்ற சிற்றூரிலேயே வனத்துறை அலுவலகம் இருக்கிறது. உள்ளே போய் வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு அதன் பிறகு வனத்துக்குள் போவதே முறை. தனியார் நிலமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சிறு பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கட்டணச் சுரங்கம்தான். ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே சுமார் 35 மைல் தொலைவிலுள்ள மவுண்ட் ஐடாவைச் சுற்றியும், வடக்கே ஜெஸ்ஸிவில் பக்கத்திலும் இப்படிப்பட்ட சுரங்கங்கள் பல உள்ளன. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் மாலைவரை தோண்டலாம்; எடுத்ததெல்லாம் உங்களுக்கே. சுரங்கத்தார் இயந்திரத்தால் அள்ளிக் கொட்டிய மண்மேடுகளில்தான் நம்மைத் தேட விடுவார்கள். கழித்துப்போட்ட மண்ணில் என்ன இருக்கப்போகிறது என்று எண்ண வேண்டாம். அவர்கள் பார்ப்பது பல படிகங்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்த பெரிய கொத்துகளை. விரல் நீளப் படிகங்கள் அவர்கள் கண்ணில் படாமல் களிமண்ணோடு களிமண்ணாக மேட்டுக்கு வந்துவிடுகின்றன. மேட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை புரட்டிப்போடுகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, புரட்டிய மறுநாள் போவது நல்லது. மழை விழுந்த மறுநாளும் அமைந்துவிட்டால் அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

காலமும் கைப்பொருளும்

மார்ச் முதல் மே மாதம் வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. கோடையில் புழுக்கம் தாங்காது. நிழலே இல்லாத மண்மேட்டில் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடுவார்கள்.

தட்டைமுனைத் திருப்புளி, மூன்று பல் கொண்ட தோட்டக் கொத்து, சிறு கைக்கரண்டி, ஆளுக்கொரு வாளி, தடித்த கையுறை, கண்கவசம், தண்ணீர் தெளிக்கும் குப்பி ஆகிய இவ்வளவு இருந்தால் போதும். சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சுத்தியல் கையில் இருந்தால் எதையாவது உடைத்துப் பார்க்கத் தோன்றும். உடைவது பெரும்பாலும் படிகமாகவே இருக்கும். சில்லு தெறித்துப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணில் படும் அபாயமும் உண்டு. பழைய செய்தித்தாள் நிறைய வேண்டும். காலியான முட்டை அட்டைகள் சிறு படிகங்களுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அமையும். உடுப்பு பழையதாக இருக்கட்டும். நம் ஊர்ச் செம்மண்ணைப் போலவே இரும்பு கலந்த மண் அது. வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை போகவே போகாது. காரின் இருக்கைகளுக்கும் ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான்கு விதிகளை எங்கள் வீட்டில் காரை விட்டு இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செங்குத்தான மண்சுவரின் அடியில் உட்காரக் கூடாது. குகைபோல் உள்ளே குடையக் கூடாது. கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகளின் பக்கம் போகக் கூடாது. கிடக்கும் கல்லைக் குச்சியால் புரட்டிப் பார்த்த பிறகே கையை நீட்ட வேண்டும். கடைசி விதி பாம்புக்காக. காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பும் வாலைக் கிலுகிலுக்கும் ராட்டில் பாம்பும் இந்த மலைகளில் வாழ்கின்றன. புல்வெளி வழியே நடந்தால் உண்ணி ஏறும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, மாலையில் பிள்ளைகளின் காது மடலுக்குப் பின்புறம், இடுப்பு, முழங்காலின் மடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணால் தேடுவதும் கையால் தேடுவதும்

போனவுடன் தோண்டத் தொடங்க வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், சூரியனை எதிர்நோக்கியவாறு மேட்டின் குறுக்கே மெல்ல நடந்து பாருங்கள். சொரசொரப்பான கல் ஒளியைச் சிதறடிக்கும். படிகத்தின் பட்டை கண்ணாடித் துண்டுபோலத் தட்டையானது என்பதால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்துவிடும். மின்னியதும் காலை நகர்த்தாமல் நின்று, தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்தால் அந்த மின்னல் மீண்டும் வரும். இதில் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கே வெற்றி அதிகம். அவர்கள் கண் தரைக்கு அருகில் இருக்கிறது. முதல் நாளில் என் மகன் எடுத்த பதினொன்றில் ஒன்பது, நான் நடந்து கடந்த இடத்திலேயே கிடந்தவை.

வெயில் ஏறியபின் கைக்கு வேலை. களிமண் கட்டிகளைத் தோட்டக் கொத்தால் தளர்த்தி, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். வெறும் மண் என்றால் உருண்டையாகும். உள்ளே படிகம் இருந்தால் ஏதோ ஒரு மூலையில் கோடு போன்ற நேர்விளிம்பு விரலில் தட்டுப்படும். அளவுக்கு மீறிக் கனக்கும் கட்டியைக் கண்டால் குப்பியால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படிகத்தின் ஒரு முனை தரையில் தெரிந்துவிட்டால் ஆசைப்பட்டு அதைப் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. தெரிவது கால்பங்காக இருக்கலாம். மீதி ஒரு கொத்தோடு ஒட்டியிருக்கலாம். படிகத்திலிருந்து நான்கு விரல் தள்ளித் திருப்புளியை மண்ணில் இறக்கி, சுற்றிலும் ஒரு சிறு அகழி போல மண்ணை எடுத்துவிட்டு, அடியிலிருந்து மண்ணோடு சேர்த்துத் தூக்க வேண்டும். நாற்றுப் பிடுங்கும்போது வேரோடு மண் ஒட்டி வரும்படி எடுப்போமே, அதே பக்குவம்தான்.

திருப்புளியின் நுனி படிகத்தில் ஒருபோதும் படக் கூடாது. குவார்ட்ஸை இரும்பு கீறாது. ஆனால் முனையிலும் விளிம்பிலும் சில்லுப் பெயர்த்துவிடும். முனை போன படிகத்தை எத்தனை கழுவினாலும் கண் முதலில் அந்தக் குறையில்தான் போய் நிற்கும்.

எடுத்த கையோடு துடைத்துப் பளபளவென்று பார்க்க வேண்டும் என்ற ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் குளிர்ந்து ஈரமாக இருந்த படிகத்தைச் சுடும் வெயிலில் வைத்தால், வெளிப்புறம் வேகமாக விரிவதும் உட்புறம் அப்படியே இருப்பதும் சேர்ந்து உள்ளே விரிசல் விழக்கூடும். ஒட்டிய களிமண்ணே அதற்கு நல்ல உறை. அதை அப்படியே விட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, வாளியை நிழலில் வையுங்கள். வாளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினால் படிகத்துக்குப் படிகமே எதிரி. ஒரே கடினத்தன்மை உள்ளவை ஒன்றையொன்று உரசிக் கெடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டில் உள்ளங்கை அகலக் கொத்து ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஏழெட்டுப் படிகங்கள் ஒன்றாகக் கூடி நின்றன. நடுவில் நின்றதன் அடிப்பகுதி மட்டும் பால்போல் வெண்மையாகவும் நுனி நீர்போல் தெளிவாகவும் இருந்தது. தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்ததும், களிமண் சீக்கிரம் கரையட்டும் என்று நான் குழாயில் வெந்நீரைத் திறந்து அதன் அடியில் நீட்டினேன். டிக் என்று ஓர் ஒலி. நடுப் படிகத்தின் குறுக்கே வானவில் நிறங்களோடு ஒரு தகடு உள்ளே விரிந்து நின்றது. அவசரம் என்னுடையது, பறிபோனது மகள் இரண்டு மணி நேரம் மண்டியிட்டுத் தோண்டியெடுத்த பொருள். அன்றிலிருந்து கழுவும் வேலையை நாங்கள் பயணத்தின்போது செய்வதே இல்லை.

கழுவும் முறை

வீடு வந்ததும் படிகங்களை ஓர் இரவு முழுவதும் அறையின் வெப்பத்துக்கு வர விடுங்கள். மறுநாள் செய்தித்தாளைப் பிரித்து நிழலில் காய வைத்தால் களிமண் காய்ந்து சுருங்கி, ஏரி வறண்டதுபோல் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது சாதாரணத் தண்ணீரைக் குழாயால் பீய்ச்சினால் பெரும்பகுதி தானே கழன்றுவிடும். மீண்டும் காயவிட்டு மீண்டும் பீய்ச்ச வேண்டும். ஊறவைத்துத் தேய்ப்பதைவிட, மூன்று நான்கு முறை இப்படிக் காயவிடுவது இடுக்குகளிலுள்ள மண்ணை நன்றாக வெளியேற்றும். எஞ்சியதைப் பழைய பல்துலக்கியாலும் மூங்கில் குச்சியாலும் எடுக்கலாம். இதுவரைக்கும் பிள்ளைகளே செய்யலாம், செய்யட்டும்.

மண் போன பிறகும் பல படிகங்களில் மஞ்சளும் செம்பழுப்புமாக இரும்புக் கறை ஒட்டியிருக்கும். அதைப் போக்க ஆர்கன்சாவில் வழிவழியாகப் பயன்படுத்துவது ஆக்ஸாலிக் அமிலம். மரத்தின் கறை நீக்கும் தூள் என்று வன்பொருள் கடைகளில் கிடைக்கும். இது நஞ்சு; வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே இந்தக் கட்டம் முழுக்க முழுக்கப் பெரியவர்களின் பொறுப்பு. திறந்தவெளியில், ரப்பர் கையுறையும் கண்கவசமும் முகமூடியும் அணிந்து, பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு தூளைப் பொதியில் குறித்துள்ள அளவில் சேர்க்க வேண்டும். சுரங்கத்தார் இதைச் சூடாக்கிப் பயன்படுத்துவார்கள். வீட்டில் அது வேண்டாம், ஆவி மூச்சில் ஏறும். சூடாக்காமலே சில நாள்களில், கறை தடிப்பாக இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில், இரும்பு கரைந்து தண்ணீருக்குப் போய்விடும். வாளிக்கு இறுக்கமான மூடி இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

எடுத்தபின் பலமுறை அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் குமிழி அடங்கும்வரை வைத்து, பிறகு வெறும் நீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். சரியாக அலசாவிட்டால் மஞ்சள் படிவு திரும்ப வந்துவிடும். பயன்படுத்திய அமில நீரையும் சோடா சேர்த்து நுரை அடங்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். இவ்வளவு வேண்டாம் என்று தோன்றினால் கறையை அப்படியே விட்டுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. தெளிந்த படிகத்தின் அடியில் செம்பழுப்பு இழையோடுவது எனக்குப் பிடிக்கும். எங்கள் சேகரிப்பில் பாதியை நான் அமிலத்தில் போட்டதே இல்லை.

இரண்டாம் நாள் இருந்தால்

மவுண்ட் ஐடாவுக்குத் தெற்கே மர்ஃபிரீஸ்பரோ ஊரருகில் கிரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. 1906இல் ஜான் ஹடில்ஸ்டன் என்னும் விவசாயி தம் நிலத்தில் வைரம் கண்ட இடம் அது. 1972 முதல் மாநிலப் பூங்காவாக இருக்கும் இந்த 37 ஏக்கர் உழுத நிலத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடலாம், கிடைத்தது கிடைத்தவருக்கே. அமெரிக்காவில் கிடைத்த வைரங்களிலேயே பெரிதான 40.23 காரட் கல் 1924இல் இங்கேதான் எடுக்கப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் வெறுங்கையோடுதான் திரும்புகின்றன என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் சல்லடையைத் தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டிச் சலிக்கும் வித்தை, அரிசியில் கல் அரிப்பதுபோல, கனமானதை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பார்ப்பதற்கே ஒரு நாள் செலவிடலாம். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கும் வைரம் 3.5 மடங்கும் கனம் என்ற வேறுபாடு அங்கே கண்ணெதிரில் வேலை செய்கிறது. கையிலுள்ள கல் எது என்று பூங்கா ஊழியர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

வீட்டில் வைத்துக்கொள்வது

முனையில்லாத வெள்ளைக் கட்டிகள் சிலவற்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். முஷ்டியளவுள்ள இரண்டு கட்டிகளை, கண்கவசம் அணிந்துகொண்டு, நன்றாக இருட்டிய அறையில் அழுத்தித் தேய்த்தால் கல்லுக்குள்ளே செம்மஞ்சளாக ஓர் ஒளி பூத்து அணையும். லேசாகக் கருகிய வாடையும் வரும். இருட்டுக்குக் கண் பழக ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வெங்கச்சங்கல்லைத் தேய்த்து நான் சிறுவயதில் பார்த்து வியந்ததை என் பிள்ளைகளுக்கு அப்படியே காட்ட முடிந்தது.

ஒவ்வொரு படிகத்துக்கும் சீட்டு எழுதுவதைக் கழுவி முடித்த அன்றே செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் எது எங்கே கிடைத்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துபோகும், இடம் தெரியாத கல்லுக்குச் சேகரிப்பாளர்களிடையே மதிப்பும் குறைவு. அடிப்பகுதியில் வெள்ளைப் பூச்சால் ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதி, அதே எண்ணுக்கு ஒரு குறிப்பேட்டில் ஊர், சுரங்கம், தேதி, எடுத்தவர், உடன் கிடந்த மண் அல்லது பாறை ஆகியவற்றைப் பதிவு செய்தால் போதும். எங்கள் குறிப்பேட்டை எழுதுபவள் மகள். விரிசல் விட்ட அந்தக் கொத்துக்கு அவள் கொடுத்த எண் 14. அதன் எதிரே, 'மவுண்ட் ஐடா, அக்டோபர், செங்களிமண், வெந்நீர் பட்டு விரிந்தது' என்று எழுதியிருக்கிறாள்.